பொழி வெட்டு

இரவு ஒன்றே முக்கால். வெட்டூர்ணிமடம், மாடி அறை.
திரை கேட்கிறது:
இதை ஊருக்கெல்லாம் திறந்துவிட உறுதிதானா?
உறுதி என்றால்
பெயரை ஒருமுறை முழுசாகத் தட்டு.

பெயர் பொழி. இரண்டே எழுத்து.
மணக்குடியில் காயல் கடலுக்குள் இறங்குகிற இடத்தில்
எத்தனை மணிக்கு வள்ளம் தாண்டலாம்,
எத்தனை மணிக்கு அலை அதைக் குப்புறக் கவிழ்க்கும்
என்று கணக்கிட்டுச் சொல்லும் நிரல்.
நானும் ஆன்றோவும் எழுதியது. அவன் இப்போது தோகாவில்.
திறக்கலாமா என்றதற்கு
"திற, எனக்கென்ன வெக்கம்" என்று பதில் போட்டான்.

வெட்கம் எனக்கு.
212ஆம் வரியில் நானே எழுதி வைத்த குறிப்பு:
இது எப்படி வேலை செய்கிறதென்று தெரியாது, தொடாதே.
ஒரு மார்ச் மாதப் பதிவில்:
அப்பா ஐசியூவில். சோதித்துப் பார்க்கவில்லை.
பிறகு பத்தொன்பது நாள் எதுவுமில்லை.
பிறகு "மறுபடியும்" என்று ஒரே சொல்.
முதல் வருடத்துக் கோப்பொன்றில் பாஸ்வேர்ட் அப்பட்டமாக;
கல்லூரியில் முன்பெஞ்சில் இருந்தவன் பெயர்,
கூடவே அவன் பைக் நம்பர்.

பாஸ்வேர்டை மாற்றினேன்.
பழையது இனி எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி, கிடக்கட்டும்.
மிச்சத்தை மறைக்கவும் வழி இருந்தது.
நான்கு வருடத்தை ஒரே கமிட்டாகச் சுருட்டிப் பார்த்தேன்.
திருவிழாவுக்கு வெள்ளையடித்த குருசடி போல இருந்தது;
ஒரே ராத்திரியில், ஒரு பிழையுமின்றி
யாரோ புத்திசாலி பெற்றெடுத்தது போல.
அந்தப் புத்திசாலியை எனக்குப் பிடிக்கவில்லை.
பழையபடி விரித்து வைத்தேன்.

லைசென்ஸில் ஒரு வரி:
உள்ளது உள்ளபடி, எந்த உத்தரவாதமும் இல்லை.
சாயங்காலம் வள்ளக்காரர் பெல்பினுக்குப் போனில் வாசித்தபோது
சிரித்திருந்தார்:
"கடலும் இதத்தானே சொல்லுது பிள்ளே,
என்ன, அது எழுதித் தராது."

மழைக்குக் காயல் பெருத்து வயலுக்குள் ஏறும்போது
பொழி வெட்டுவார்கள்.
மண்திட்டில் ஒரு ஆள் அகலத்துக்குச் சால் கீறினால் போதும்,
மீதியை வெள்ளம் பார்த்துக்கொள்ளும்.
எந்தப் பக்கம் அரிக்கும் என்று மட்டும்
வெட்டினவனுக்குத் தெரியாது.

தட்டினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. மின்விசிறி சுற்றியது.
மறுநாள் பார்வையாளர் இரண்டு பேர்;
அதில் ஒன்று என் போன்.

ஆறாம் நாள் ஒரு குறிப்பு.
ததேயு, ஐஸ் பிளாண்ட், மேலமணக்குடி.
"நடுராத்திரி தாண்டினா ஐந்தரை மணி நேரத்த
ரெண்டு தடவ கூட்டுது. 212-ஐப் பாருங்க."

பார்த்தேன். வெப்ராளத்தில் விரல் எழுத்தில் நிற்கவில்லை.
ஐந்தரை மணி நேரம் என்றால்
ஏற்றம் என்று சொன்னதெல்லாம் வற்றம்.
நான்கு வருடம்.
பன்னிரண்டுக்கும் வெள்ளாப்புக்கும் இடையில்
என் எண்ணை நம்பி எத்தனை வள்ளம்?

பெல்பினைக் கூப்பிட்டேன். கொட்டாவியோடு சொன்னார்:
"ராத்திரி பன்னெண்டுக்கு மேல ஒங்க மெஷின யாரு பாக்கா?
அந்நேரம் அது பொய் சொல்லும்னு கரைக்கே தெரியும்."
சொல்லியிருக்கலாமே என்றேன்.
"எங்க சொல்ல?
வாதில் அடச்சுல்லா கெடந்துது."

ததேயுவிடம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன்.
கோணம் பாலிடெக்னிக், பாதியில் நின்றதாம்.
"ஐஸ் உறைய நேரமாகும்லா, அதுவர வாசிப்பேன்."

அவர் அனுப்பிய திருத்தம்
சிவப்பில் ஒரு வரி, பச்சையில் ஒரு வரி.
ஏற்றுக்கொண்டேன்.
தொடாதே என்ற என் குறிப்பை அவர் அழிக்கவில்லை.
அதன் அடியில் எழுதியிருக்கிறார்:
தொட்டாச்சு. நைட் ஷிப்ட், 3.10.