மயில்கழுத்து நிறம்

ஆகஸ்டின் கடைசி வாரம், கைனூவில்.
மணல் அள்ளிக் கைவிட்ட பள்ளத்தின் அடியில்
மடக்கு மேசை, அதன்மேல் பழைய திரைச்சீலை,
அதன்மேல் துப்பாக்கி.
இதுவரை எதையும் கொன்றதில்லை.

ஒன்று சுடு, ஒருமுறை துடை.
ஐந்து தடவை இப்படி.
பிறகு மூன்று சுடு, ஒருமுறை துடை.
ரசீதின் பின்புறம் கடைக்காரர் எழுதித் தந்தது,
சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று
மாத்திரைச் சீட்டு எழுதுகிற கையெழுத்தில்.

"வெறும் சடங்கு" என்றான் வெய்யோ,
பால் வாங்கும் வரிசையில்
மூன்று பேர் கேட்கும்படி.
"இரும்புக்குக் காதுகுத்தா நடத்துகிறாய்?"
விவாகரத்தில் பழைய துப்பாக்கி அவனுக்கு,
நாய் ரைலிக்கு.
படகு இன்னும் யாருக்கும் இல்லை;
இரண்டு வீட்டுக்கும் நடுவே
கரையில் குப்புறக் கிடக்கிறது.

முதல் குண்டு.
எதிர்மேடு ஒரு பிடி மண் உதிர்த்தது.
ஹல்லா காதை நிமிர்த்தி
அவளைப் பார்த்தது:
இது நம் வீட்டுச் சத்தம் இல்லையே.

போல்ட்டை உருவித் துணிமேல் வைத்தாள்.
கம்பி பின்வாசல் வழியாகத்தான் போகவேண்டும்,
முன்வாசலில் நுழைத்தால் வாய் தேயும்.
அமோனியா வாசம் கண்ணைக் கரிக்க
முதல் துணித்துண்டு கறுப்பாக வந்தது,
இரண்டாவது
மயிலே இல்லாத அந்த நாட்டில்
மயில்கழுத்து நிறத்தில்.

குழலுக்குள் இருக்கிறது,
ஆலையின் வெட்டுளி விட்டுப்போன பிசிறு,
விரலுக்கும் கண்ணுக்கும் சிக்காது.
கடக்கிற ஒவ்வொரு குண்டும்
கொஞ்சம் செம்பு கொடுத்துவிட்டுப் போகிறது,
சுங்கச்சாவடியில் சில்லறைபோல.

மருந்து ஊறப் பதினைந்து நிமிடம்.
காத்திருப்பது அவளுக்குப் பழக்கமில்லை.
தினமும் இருநூற்றுப் பன்னிரண்டு தபால்பெட்டி,
எஞ்சினை அணைக்காமல் போடுகிறவள்.
நூற்று நாற்பதாவது வெய்யோவுடையது;
அவன் மின்கட்டணம் இன்னும்
இரண்டு பேர் பெயரிலும் வருகிறது.
காப்பி குடித்தாள். ஒரு கொசுவை அடித்தாள்.
சுட்டாள். துடைத்தாள்.
நான்காவதில் நீலம் சற்று வெளுத்திருந்தது,
அல்லது வெயில் சாய்ந்திருந்தது.

ஐந்தாவது முடிந்து
கம்பி பாதிக் குழலில் இருக்கும்போது
பள்ளத்தின் மறுவிளிம்பில் மூஸ்.
கிடா. சட்டக்கொம்பு.
கொம்பின் வெல்வெட் தோல் கிழிந்து
ஈரத்துணிபோலக் கண்ணருகே தொங்குகிறது.
ஐந்து சத்தம் கேட்ட இடத்துக்கு
யாராவது வருவார்களா?
வந்தது.
இறங்கி நேராக இலக்குச் சட்டத்திடம் போய்
அதன் மரக்காலில் கொம்பைத் தேய்த்தது.

அவசரமில்லாமல் தேய்த்தது.
ஒருபக்கம் தேய்த்து, நின்று, மூச்சுவிட்டு,
தலையைத் திருப்பி மறுபக்கம்.
தோல் உரிந்த இடத்தில்
புதுக்கொம்பு ரத்தமும் வெண்மையுமாக.
ஹல்லாவின் முதுகில் அவள் உள்ளங்கை;
உரோமத்துக்குக் கீழே
ஓடுகிற மோட்டார்போல ஒரு நடுக்கம்.
குரைக்கவே பிறந்த நாய், குரைக்கவில்லை.
பருவம் திறக்க இன்னும் ஆறேழு வாரம்.
போல்ட் துணிமேல், கம்பி குழலுக்குள்,
அவள் விரலெல்லாம் எண்ணெய்.

சட்டம் ஒருமுறை முனகி
ஐந்து ஓட்டையும் மண்ணில் பட
முகங்குப்புற விழுந்தது.
மூஸ் அதைத் தாண்டி,
ஒரு வண்டித்தடத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு
பிர்ச் மரங்களுக்குள் போயிற்று.

கம்பியை இழுத்தாள்.
துணியின் ஓரத்தில் மட்டும்
நகத்தளவு நீலம்.

இரவு தொலைபேசி.
"அஞ்சு வெடி கேட்டது" என்றான் வெய்யோ,
"அப்புறம் ஒன்றையும் காணோம்.
விழுந்துகிழுந்து வைத்தாயோ என்று..."
"துடைத்துக்கொண்டிருந்தேன்."
"இவ்வளவு நேரமா?"
"இவ்வளவு நேரம்தான்."

வேட்டைக் குழுவின் கணக்கேட்டில்
கிடாவைக் கண்டால் அன்றே குறிக்கவேண்டும்.
நேரம், இடம், கொம்பின் கிளைகள்.
ரைலி பேனாவை எடுத்து
ரசீதின் பின்புறம் ஐந்து கோடு போட்டாள்.
நாளைக்கு மூன்று சுடவேண்டும்.
ஆணியும் எடுத்துப்போகவேண்டும், சட்டத்துக்கு.