ஏழாம் பொருள்

ஆற்றங்கரையில் மாதாவுக்குச் சிலை வைக்கலாமா.
ஏழாம் பொருள் அவ்வளவுதான், ஒரே வரி.
மாவட்ட சபையின் குறிப்பெழுத்தர் நான்.
யார் பேசினார், எத்தனை நிமிடம், ஆதரவா எதிர்ப்பா:
மூன்று கட்டங்கள், ஒரு பேனா,
அக்குளில் மாத்தே தேநீருக்கான வெந்நீர்க் குடுவை.

உருகுவாய் எங்கள் நாடு.
கிறிஸ்துமஸை இங்கே நாள்காட்டி
குடும்ப நாள் என்கிறது,
புனித வாரத்தைச் சுற்றுலா வாரம் என்கிறது.
நூறு வருடமாக அரசும் கடவுளும் பேசிக்கொள்வதில்லை.
சண்டை என்றும் சொல்ல முடியாது.
ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும்
பேச்சுவார்த்தையற்ற பங்காளிகள்.

முதலில் எழுந்தவர் வாஷிங்டன் ஒலிவேரா.
பஞ்சர் ஒட்டுபவர்.
ஞாயிற்றுக்கிழமை நகக்கண் கறுப்பைத் தேய்த்துத் தேய்த்து
அது போகாமலே பூசைக்குப் போகிறவர்.
சட்டைப் பையைத் தட்டினார்,
கால்சட்டைப் பையைத் தட்டினார்.
கண்ணாடி வீட்டில்.
கையில் நாலு பக்கம், எல்லாம் எறும்பு வரிசை.

எதிர் மேசையிலிருந்து நெலிதா எச்சகோயென்
தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.
முப்பத்தாறு வருடம் பள்ளியில்
அமிலமும் காரமும் சொல்லிக்கொடுத்தவர்,
கணவர் செத்த அன்று
பாதிரியாரை வாசலிலேயே நிறுத்திக் காபி கொடுத்து அனுப்பியவர்.
"ரெண்டே கால் பவர். ஆகுமா பாருங்கள்."
ஆயிற்று.
தன்னை மறுக்கும் நாலு பக்கமும்
தன் கண்ணாடி வழியாகவே வாசிக்கப்படுவதைக்
கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஆசிரியை,
மங்கிப்போன ஒரு சபைக்கு நடுவில்.

"வெள்ளம் வந்த இரவு," என்று வாசித்தார் வாஷிங்டன்,
"அந்த மேட்டில் பெண்கள் ஜெபமாலை சொன்னார்கள்.
தண்ணீர் மூன்றாம் படியில் நின்றது."

பின்வரிசையில் ஒரு சிரிப்பு:
"அணையில் மதகை மூடினான், நின்றது!"

ஆசிரியை திரும்பினார்,
கரும்பலகையிலிருந்து திரும்புவது போலவே.
"மாதா நிறுத்தினாள் என்று அவர் சொல்லவில்லை.
நின்றது என்றார்.
சொன்னதற்குப் பதில் சொல்லுங்கள்."

நான் எழுதினேன்: குறுக்கீடு.
எந்தத் தரப்பு என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு அவர் முறை. கூட்டிக் குறைக்கவில்லை.
கரை பொது. கும்பிடாதவனும்
தூண்டில் போட்டுக்கொண்டு
யாருக்கும் முதுகு காட்டாமல் நிற்க
ஓரிடம் வேண்டும்.
"அன்று ராத்திரி நானும் அந்த மேட்டில் இருந்தேன்.
என் கையில் ஜெபமாலை இல்லை, ஒரு குழந்தை இருந்தது.
எனக்குச் சிலை வேண்டாம்.
அங்கே யாருக்குமே வேண்டாம்."

"யார் குழந்தை?" என்றார் வாஷிங்டன்.
விதிப்படி கேட்கக் கூடாது. யாரும் தடுக்கவில்லை.
"தெரியாது. விடிந்ததும்
யாரோ வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி போட்டுக்கொண்டார்.
"இதற்கு என்னிடம் பதில் எழுதி வைத்திருக்கவில்லை," என்றார்.
"ஆனாலும் சிலை வேண்டும்."
"தெரியும்," என்றார் ஆசிரியை.

ஆதரவு பதினான்கு, எதிர்ப்பு பதினேழு.
பொருள் ஏழு தள்ளப்பட்டது.
என் பக்கம் எது என்று யாரும் கேட்டதில்லை,
குறிப்பெழுத்தருக்குக் கட்டம் கிடையாது.

வெளியே தூறல். ஆசிரியையின் சைக்கிளில்
பின்சக்கரம் தரையோடு அப்பிக்கிடந்தது.
வாஷிங்டன் குனிந்து விரலால் அமுக்கிப் பார்த்தார்.
"காலையில் கொண்டு வாருங்கள்."
"ஜெபம் பண்ணாமல் ஒட்ட வேண்டும்."
"ஒட்டும்போது வாயில் வால்வு மூடி இருக்கும், அம்மா.
நினைத்தாலும் முடியாது."

அக்டோபரில் அவர் மறுபடி மனுக் கொடுப்பார்.
அம்மாள் மறுபடி எதிர்ப்பார்.
பேனாவில் மை நிரப்பி வைத்திருக்கிறேன்.
கண்ணாடி மட்டும்
இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.