கருப்புக் கிரேயான்தான் முதலில் தீரும்

வெள்ளிக்கிழமை நகராட்சியிலிருந்து ஆள் வருகிறார்,
அதற்குள் ஒரு பாட்டு வேண்டும்,
சுற்றுச்சூழல் பற்றி,
இரண்டு நிமிடத்துக்கு மிகாமல்
என்று சொல்லி
ஃபோனை வைத்துவிட்டார் தலைமையாசிரியை.

ஞாயிறு இரவே எழுதிவிட்டேன்.
நீல ஆறே, நிலா ஆறே,
நித்தம் உன்னைக் காப்போம் யாமே.
முதலெழுத்துகள் கைகோத்து நின்றன.
என் அக்கார்டியனில் ஒரு கட்டை ஒட்டிக்கொள்ளும்,
அதைத் தொடாமல் மெட்டும் போட்டாயிற்று.

திங்கள் காலை
பதினோரு பிள்ளைகள், பதினோரு குட்டி நாற்காலிகள்.
முதல் வரியிலேயே கை தூக்கினான் த்ஸோத்னே.
"எந்த ஆறு?"
நம்ம ஆறுதான்.
"அது நீலம் இல்லையே."

ஜன்னலுக்கு வெளியே க்விரிலா
மாங்கனீசு கழுவிய நீரோடு
போய்க்கொண்டிருந்தது.
கத்துகிறவள் என்று பொருள் அந்தப் பெயருக்கு, எங்கள் மொழியில்.
பள்ளத்தாக்கின் மேலே, கம்பியில் தொங்கியபடி
ஒரு பெட்டி சுரங்கத்துக்கு ஏறியது.
இந்த நாற்காலிகளில் ஒன்றின் அப்பா
அதற்குள் இருந்திருப்பார்.

இங்கே கருப்புக் கிரேயான்தான் முதலில் தீரும்.
நீலம், வருடக் கடைசியிலும்
முனை மழுங்காமல் டப்பாவில் கிடக்கும்.
ஆறு வருடமாக டப்பா வாங்கித் தருகிறவள் நான்.
கவனித்திருக்க வேண்டும்.

தாளை மடித்து அக்கார்டியன் பெட்டிக்குள் வைத்தேன்.
சரி, நீங்களே சொல்லுங்கள்.
சொன்னார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில்.
ஆறு பல் தேய்க்கிறதே இல்லை.
ஆறு என்ன சாப்பிட்டுச்சு, இப்படி ஆச்சு?
ஆத்துல ஒரு பாட்டில், ஒரு செருப்பு, எங்க பூனை.
(பூனை திரும்பி வந்துவிட்டதாம். விசாரித்தேன்.)
எனக்கு பாத்ரூம் போகணும்.
கடைசியைத் தவிர எல்லாவற்றையும் எழுதினேன்.
அதையும் எழுது என்று அழுதான் ஸௌலி.
எழுதினேன்.

செவ்வாயன்று சண்டை.
சுரங்கம் கெட்டது, சுரங்கம் கெட்டது
என்று ஒரு வரி வந்திருந்தது.
துள்ளலாக இருக்கிறதே என்று
இரண்டு தடவை வாசித்தும் காட்டினேன்.
நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள் பார்பாரே.
"எங்கப்பா கெட்டவர் இல்ல."
யாரும் அப்படிச் சொல்லலையே, கண்ணு.
"பாட்டு சொல்லுது."

அதற்கு என்னிடம் மெட்டு இல்லை.
குழாயை மூடு, குப்பையைப் பொறுக்கு, மரம் நடு,
இவற்றுக்கெல்லாம் இருக்கிறது.

புதன்கிழமை அவளே கொண்டுவந்தாள்,
கோட்டைக்கூடக் கழற்றாமல்:
அப்பா கை கழுவினா தண்ணி கருப்பாகுது.
தண்ணி கை கழுவணும்னா
எந்தத் தண்ணில கழுவும்?

நான் பென்சிலை எங்கே வைத்தேன் என்று தேடினேன்.
கையில்தான் இருந்தது.

மூன்று குரலில் பாடுவது எங்கள் வழக்கம்.
அடியில் ஒன்று, சொல்லே இல்லாமல்,
ஓ என்று ஓரிடத்தில் நிற்கும்.
விருந்து மேஜைக்குக் கீழே விளையாடியபடி
பிள்ளைகள் கேட்டு வளர்ந்த குரல்.
அது யார், என்றேன்.
"ஆறு" என்றது வகுப்பு.
செப்டம்பரிலிருந்து யாரிடமும் வாய் திறக்காத க்வான்த்ஸா
எழுந்து வந்து
அந்த இடத்தில் நின்றுகொண்டாள்.

வெள்ளிக்கிழமை. டை கட்டிய மனிதர்,
அவரோடு ஒரு கேமரா.
பல் தேய்க்காத ஆற்றுக்குச் சிரித்தார்,
பாத்ரூமுக்கு இன்னும் சிரித்தார்,
பார்பாரேயின் வரியில்
கேமராக்காரர் கேமராவைக் கொஞ்சம் இறக்கினார்.
பிறகு, முடிந்ததென்று எண்ணி, கை தட்டல்.

"அருமை. சந்தோஷமா ஒரு சரணம் இல்லையா?"
த்ஸோத்னே என்னைப் பார்க்கவில்லை.
"அது இன்னும் வரல" என்றான்.

க்வான்த்ஸா நிறுத்தவில்லை.
மூச்சு வாங்கி, மறுபடியும் ஓ.
தட்டிய கைகளைக்
கீழே விடுவதா வேண்டாமா என்று தெரியாமல்
அவர் நின்றார்.
இரண்டு நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.
தலைமையாசிரியை கண்ணால் சைகை காட்டினார்.

துருத்தியில் இன்னும் காற்று இருந்தது.