இடது பின்பக்கம்

ஒல்டனில் இரவு மூன்று மணிக்குமேல்
எங்கள் பென்ஸ் முழங்காலிடுகிறது.
சத்தமில்லை. இடது பின்பக்கம் மட்டும்
பாரம் இறக்கப் பணிந்ததுபோல்.

எயார் சஸ்பென்ஷன் போய்விட்டதாம்.
கராஜ்காரன் சுர்ப்ருக் எழுதித் தந்தான்:
நாலாயிரத்து முந்நூற்றெண்பது பிராங்.
விற்றால் மூவாயிரம் தேறும் என்றும் அவனே சொன்னான்,
கையைத் துடைத்தபடி, நல்ல மனுசன்.

ஒரு பல்வைத்தியர் பதினாறு வருடம் ஓட்டிய கார்.
வாங்கி வந்த அன்றே கேட்டேன்:
யானை சரி, கரும்புக்கு என்ன செய்யப்போறியள்?

பிஸ்கட் டின் நிறைய பில்கள்.
தண்ணிப் பம்ப், சென்சர்,
பெயர் வாயில் நுழையாத ஒரு வால்வு.
அதற்கு என் இரண்டு காப்பு.

"வித்துத் துலையுங்கோ!"
கோப்பையை வைத்த வேகத்தில்
குழம்பு மேசைவிரிப்பில் சிந்தியது.
அருள்நேசன் துடைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.
நல்லகாலம்.

முதியோர் இல்லத்தில் இரவுவேலை முடிந்து
ஐந்தரைக்கு வெளியே வருவேன்.
மைனஸ் ஒன்பது.
பதினொரு பேரைப் புரட்டிக் கழுவிய இடுப்பு.
சாவியைத் திருப்பினால்
முதலில் அது எழும்பி நிற்கும், மெல்ல.
பிறகு இருக்கை சுடத் தொடங்கும்.
ஆரே பாலம் தாண்டும்வரை
ரேடியோகூடப் போடமாட்டேன்.

நேற்று இடைவேளையில்
சுர்ப்ருக்குக்குப் போன் எடுத்தேன்.
"செய்யுங்கள். மூன்று தவணையில் தருவேன்.
வீட்டில் கேட்டால் ஆயிரத்திருநூறு என்று சொல்லுங்கள்."

அந்தப் பக்கம் சிரிப்பு.
"திங்கட்கிழமை உங்கள் கணவரும் எடுத்தார்.
அவர் தொள்ளாயிரம் என்று சொல்லச் சொன்னார்."