நாலு யூனிட்

கோத்தகிரிக்கும் கட்டபெட்டுக்கும் நடுவே
எனக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு மீட்டர்கள்.
ஜூலையில் பாதி வீட்டில் ஆள் கிடையாது.
பெங்களூரில் இருப்பார்கள், துபாயில் இருப்பார்கள்.
ஒருவர் கேட்டிலேயே பலகை மாட்டியிருக்கிறார்:
மே மாதம் மட்டும்.

வெள்ளை அட்டையில் பூஜ்யம் எழுதுவது
நேரம் பிடிக்கிற வேலை.
குடை கக்கத்தில், பேனா ஈரத்தில்,
போன தடவைப் பூஜ்யத்தின் கீழே
இந்தத் தடவைப் பூஜ்யம்
நேராக உட்கார வேண்டும்.

அந்த ஜப்பான் கதையிலும் இதே உத்தியோகம்தான்.
உலகம் முடிந்து பதினோரு வருஷம்.
கொஹாரு என்றொருத்தி, பத்தொன்பது வயது,
நீல ரெயின்கோட்டோடு தெருத்தெருவாய்ப் போய்
செத்த ஊரின் மீட்டர்களைக் குறித்துக்கொள்கிறாள்.
சம்பளம் தர ஆளில்லை.
நிறுத்து என்று சொல்லவும் ஒருவர் மிஞ்சவில்லை,
அதனால் செய்கிறாள்.
ஒன்பது புத்தகம், கைக்கு அடக்கமானவை,
இடையிடையே பெரிய கண்களோடு படங்கள்.
இங்கிலீஷில் வர வர வாங்கினேன்.
ஆறாவது மேட்டுப்பாளையம் வரை வந்து
மண்சரிவில் பத்து நாள் கிடந்தது.

நாலாவதின் கடைசியில்
ஒரு மீட்டரின் சக்கரம் சுற்றுகிறது.
ஒரே வாக்கியம். அடுத்த பக்கம் வெற்று.

அதை ஆளுக்கொரு விதமாய் ஆக்கினார்கள்.
மாங்காவில் சக்கரத்துக்கே இரண்டு பக்கம்,
நான் துடைத்த எந்தக் கண்ணாடியையும்விடச் சுத்தமாய்.
அனிமேயில் வயலின்.
வயலின் வாசிக்க உலகத்தில் ஆள் மிஞ்சியிருந்தால்
அவளுக்கு ஏன் இந்த அலைச்சல்?
கூடவே, புத்தகத்தில் இல்லாத ஒரு பையன் வந்து
"ஓடு கொஹாரு" என்று கத்துகிறான்.
சினிமாவில் கதவையே திறந்துவிட்டார்கள்.
உள்ளே மஞ்சள் விளக்கு, ஆவி பறக்கும் சூப்,
இவளுக்காகவே காத்திருந்த மாதிரி ஒரு குடும்பம்.

என் போனில் அதைப் பார்த்த வயர்மேன் போஜன்
கேட்டது ஒன்றுதான்:
"லைன் எங்கிருந்து மேடம் வருது?
டிரான்ஸ்பார்மரை யார் பாக்குறா?"
நான் படித்த எட்டிலும்
இதற்குப் பதில் இல்லை.

போன செவ்வாய். சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால்
கோர்ட்டில் கிடக்கிற அந்த வீடு.
முப்பது தடவை எழுதிய அதே 4471.
சால்வை முனையால் கண்ணாடியைத் துடைத்தேன்.
4475.

இன்னொரு முறை துடைத்தேன்.

பூட்டில் துரு, சாவித் துவாரத்தில் சிலந்தி வலை.
ஈரமண்ணில் கரடியின் தடம், அதுவும் பழசு.
கரடி கோயில் விளக்கெண்ணெயைக் குடிக்கும்;
சுவிட்ச் போட்டதாய்க் கேள்விப்பட்டதில்லை.
ஈரத்தில் கசியும், எலி கடித்திருக்கும்,
போஜனைக் கேட்டால் பத்துக் காரணம் சொல்வார்.
நான் நின்றேன்.
மஞ்சு வந்து வீட்டைப் பாதி மூடியது.
மீட்டரின் சிவப்புப் புள்ளி
ஒருமுறை சிமிட்டியது.
கீழே எங்கோ தேயிலை லாரியின் ஹாரன்.
அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.

கை கதவு வரை போனது.
சினிமாக்காரர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.
இறக்கிக்கொண்டேன்.

கருவி கேட்டது: கதவு பூட்டு? மீட்டர் பழுது? சரி?
சரி.
நூறு யூனிட் வரை இங்கே காசில்லை,
யாராயிருந்தாலும்.
அட்டையில் நாலு என்று எழுதி
தொகைக்கு நேரே, பழக்கத்தில்,
பூஜ்யம் போட்டேன்.

ஒன்பதாவது புத்தகம் இன்னும் வந்து சேரவில்லை.
செப்டம்பரில் மறுபடி
இந்தப் பக்கம் வருவேன்.