நான்கு கெல்வின்

ஸ்டுட்கார்ட். பிப்ரவரி. இரவு ஒன்றே முக்கால்.
நிலவறையில் வீப்கேவும் ஓர்ட்வினும்.
வெளியே பனி பெய்கிறதா என்று
இருவருக்கும் தெரியாது.

திரையில் பதினெட்டு நீலப் புள்ளிகள்.
ஒவ்வொன்றும் ஒரு ஸ்ட்ரான்சியம் அணு.
விளிம்பில் இரண்டு எலக்ட்ரான்கள்:
ஒன்று வீட்டோடு கிடக்கும்.
மற்றதைப்
படிப்படியாய் ஏற்றி
கருவை மறந்துவிடாத தூரத்தில்
வட்டமாய் நடக்க விடவேண்டும்.

அப்படி ஊதிப் பெருத்த அணுவுக்கு
வெளிச்சம் ஆகாது.
கண்டால் விலகும்.
அதனால் லேசரைக் குடைந்து
நடுவே ஒரு துளி இருட்டு வைத்தார்கள்.
சுற்றிலும் ஒளிச்சுவர். சுவருக்குள் இருட்டு.
இருட்டுக்குள் அது.

கணக்குப்படி பத்து மில்லிசெகண்டாவது
இருக்கவேண்டும்.
நமக்கு அது கண்ணிமைப்பில் ஒரு சிராய்.
அதற்கோ ஐம்பது கோடிச் சுற்று.
பக்கத்து அணு முனகுவது கேட்கவும்
பதில் சொல்லவும் தாராளமான ஆயுள்.
நிதி விண்ணப்பத்தில் இந்த முனகலுக்குப் பெயர்
குவாண்டம் சிமுலேட்டர்.

ஆனால் இலையுதிர்காலம் தொட்டு
ஒன்றரையிலேயே செத்தது.
ஓர்ட்வின் லேசரைத் திட்டினான்,
லிஃப்டைத் திட்டினான்,
தலைக்கு மேல் ஓடும் ட்ராமையும்.
வீப்கே யாரையும் திட்டவில்லை.
குளிர்கலத்தை இரண்டு நாள் சூடேறவிட்டு
திறந்து
செம்புக் கவசத்தில் விரல் ஓட்டினாள்.
ஒரு திருகு இல்லை.
எள்ளளவு ஓட்டை.

அதன் வழியே போயிருக்கிறது எல்லாம்:
சுவரின் சூடு, மேசையின் சூடு,
என்ன ஆயிற்று உனக்கு என்று
தினமும் குனிந்து பார்த்த
அவள் முகத்தின் சூடு.

திருகை மாட்டினாள்.
மறுபடி ஹீலியம். மறுபடி மூன்று நாள் காத்திருப்பு.

இன்று
ஐந்து. ஏழு.
ஒன்பதரை.
மறுபடி அளந்தாலும் ஒன்பதரை.
ஓர்ட்வின் காய்ந்த ப்ரெட்ஸெலைப் பிட்டு
பெரிய பாதியை அவளிடம் நீட்டினான்.
பத்து இல்லையே என்றாள்.
வாங்கிக்கொண்டாள்.

விடியுமுன் முதல் ட்ராமுக்கு நின்றபோதுதான்
பனி தெரிந்தது, முழங்கால்வரை.
பெஞ்சில் பேக்கரி வாசனையோடு
யாரோ ஒருவர் வந்து நெருங்கி உட்கார்ந்தார்.
கனத்த கோட்டைத் தாண்டி அவர் சூடு
மெதுவாக இவள் தோளுக்கு வந்தது.

முந்நூறு கெல்வின் இருக்கும், கொஞ்சம் கூடவே.
வீப்கே விலகவில்லை.