பன்னிரண்டுக்குப் பதினெட்டு

புளியரை தாண்டி
கேரளத்து மலையைப் பார்த்தபடி கிடக்கும் குளத்தில்
பட்டுப்போன கருவேலத்தின் மேல்
ஒரு நீர்க்காகம்
சிறகை விரித்து வைத்திருந்தது.

நாற்பது நிமிடம்.
மின்வாரியக் கணக்குப்படி
ரீடிங் எடுக்க வேண்டிய பதினொரு வீடுகள்
அன்றைக்கு என்னைப் பார்க்கவில்லை.
லென்ஸில் சாரல் விழ விழ
சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு
முழங்கால் வரை சேற்றில் நின்றேன்,
தவணை முடியாத கேமராவோடு.
கொக்குகள் வந்தன, போயின.
அது மட்டும் அசையவில்லை.
போஸ் கொடுக்கத் தெரிந்த பறவை
என்று மெச்சிக்கொண்டேன்,
கூடவே என் பொறுமையையும் கொஞ்சம்.

செங்கோட்டை நூலகக் கூடத்தில் கண்காட்சி.
ஆளுக்கு ஒரு படம்,
பன்னிரண்டுக்குப் பதினெட்டு.
'இளைப்பாறல்' என்று
பெயர் அட்டைகூட அடித்தாகிவிட்டது.

முதல் பிரிண்ட்
கரிக்கட்டையாக வந்தது.
புனலூர் லேபில் தங்கச்சன்
அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துக் காட்டினார்.
திரையில் ஒவ்வொன்றாக எண்ணிய இறகுகள்
காகிதத்தில் ஒரே இருட்டு.
"ஸ்கிரீனுக்கு வெளிச்சம் முதுகிலேந்து வரும், கேட்டோ.
பேப்பருக்கு அது இல்ல.
நம்மள்தான் கொடுக்கணும்."

கொடுத்தார்.
நாலு விரல் அகலத் துண்டுகளாக
இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி.
இரண்டாவது துண்டில்
கழுத்தின் பச்சை மினுங்கியது.
மூன்றாவதில்
முதுகு செதில் செதிலாகப் பிரிந்தது.
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றேன்.
ஐந்தாவதில்
கால்.
காலில் முடியை விட மெலிதாக ஒரு கோடு,
இரண்டு சுற்று, மூன்று சுற்று,
கிளையை வளைத்து இறங்கித்
தண்ணீருக்குள்.

தங்கூசி.

உலர்த்தத்தான் விரித்திருக்கலாம்.
மடக்கத் தெம்பில்லாமலும் இருக்கலாம்.

"மாய்ச்சுத் தரட்டா? ரெண்டு நிமிஷம்."
தங்கச்சனின் மவுஸ் அதற்குள் அங்கே போயிருந்தது.
அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.
பிடித்தது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.
"அஞ்சாவதையே போடுங்க."

ரயிலில், குகைகளின் இருட்டில்,
சுருட்டிய படத்தை
முழங்கால்களுக்கு நடுவே வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை
லாரி டியூப் ஒன்றை இரவல் வாங்கிக்
குளத்தில் இறங்கினேன், பல்லில் பிளேடோடு.
எடுத்துப் பதினேழு நாள் கழித்து.
கிளையில் தங்கூசி இருந்தது. பறவை இல்லை.
நுனி அறுந்திருந்தது.
கத்தி அறுத்ததா, அலகு அறுத்ததா,
நுனியைப் பார்த்துச் சொல்ல
எனக்குத் தெரியவில்லை.
மிச்சத்தை அறுத்துச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சட்டம் போடும் இசக்கியப்பன்
மவுண்ட் அட்டையைப் படத்தின் மேல் வைத்து,
"கீழ்ப்பக்கம் அரை இஞ்சு ஏறுது.
கால் மறைஞ்சா தேவலையா?" என்றார்.
மறையட்டும் என்று
நாக்கு நுனி வரை வந்தது.
எதிர்க்கடையில் ஒரு டீ குடித்தேன்.
திரும்பி வந்து
இறக்கி வெட்டச் சொன்னேன்.
அட்டை வீணாகும் என்றார்.
அதற்கும் சேர்த்துக் கொடுத்தேன்.

பெயர் அட்டையில்
'இளைப்பாறல்' மேல் வெள்ளைத் தாள் ஒட்டி
தேதியை மட்டும் எழுதினேன்.

கூடத்தில் கண்ணாடி மேல்
டியூப்லைட் நீளமாக விழுந்திருந்தது.
நின்று பார்த்தவர்களுக்குச் சிறகு தெரிந்தது,
நடுவில் அவரவர் முகமும்.
சிலுவை மாதிரி இருக்கு என்றார் ஒருவர்.
உதவிப் பொறியாளர் கைகொடுத்தார்.
தேதியைப் படித்தார்,
அது வேலைநாளா என்று கேட்கவில்லை.

ஆறு மணிக்குப் பெருக்க வந்த வள்ளிமயில்
தாள்களைப் பொறுக்கக் குனிந்தவள்
குனிந்தபடியே நின்றுவிட்டாள்.
"காலுல தங்கூசி சுத்தியிருக்கே சார்.
எடுத்துவிட்டியளா?"

எதிர்ச்சுவரில் இன்னொரு படம்
கோணலாக இருப்பதுபோல் தோன்றியது.
போய்ச் சரி செய்தேன்.
அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரமாச்சு என்று
டியூப்லைட்டை அணைத்தேன்.
கண்ணாடியிலிருந்து வெளிச்சம் விலகியதும்
நின்ற இடத்திலிருந்தே
கால் தெரிந்தது.